கூப்பிட்டது காதில் விழவில்லையா?



கோடைக்கு வற்றல், வடகம் போடுவதைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயில் எங்கேயும் ஓடிப் போகாது. எனக்கு வந்த ஒரு கடிதம்தான் காத்திருக்கக் கூடியதாக இல்லை.

மூன்று வயது நிறையப் போகும் பெண் குழந்தையின் தாய் எழுதியிருக்கிறார். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடி ஆடுகிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் ‘அம்மா’, ‘தா’ இரண்டையும் விட்டால் வேறு பேச்சு இல்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாள், பல நேரம் திரும்புவதில்லை. "அவ அப்பனும் நாலு வயசு வரைக்கும் பேசலை. நாக்குல வசம்பு தேச்சு விடு, தானா வந்துடும்" என்கிறாராம் மாமியார். டாக்டரிடம் போகலாம் என்றால், பெண் குழந்தைக்கு ஏதோ குறை என்று ஊரில் பேச்சாகிவிடும் என்ற பயம். "இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கட்டுமா அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

இதழ் வெளிவரும்வரை காத்திராமல் அன்றைக்கே அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். பொறுக்க வேண்டாம் அம்மா, இந்த வாரமே குழந்தையின் காதைப் பரிசோதித்துவிடுங்கள் என்று. பேச்சு வரவில்லை என்றால் எல்லாரும் நாக்கைப் பார்க்கிறோம். நாக்கு என்ன செய்யும்? காது கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும். கேட்காத வார்த்தையை எந்த நாக்கு சொல்லும்? வசம்பின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் அது காதுக்குள் போகாது.

இவ்வளவு அவசரமாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சின்ன மகன் விஷயத்தில் நான் ஒரு வருஷத்துக்கு மேல் ஏமாந்து போனேன். ஏமாந்ததோடு இல்லை, அவனை அடித்தும் இருக்கிறேன்.

2013-ஆம் வருஷம். அவன் இரண்டாம் வகுப்பு. நாங்கள் அப்போது பள்ளிபாளையத்தில் இருந்தோம். வீட்டைச் சுற்றித் தறிப்பட்டறைகள். ‘டக்டக் டக்டக்’ என்று ராத்திரி பகல் ஓயாத சத்தம். பையன் டி.வி. பக்கத்தில் போய் உட்காருவான். கண் கெட்டுவிடும் என்று இழுத்து வந்து உட்கார வைப்பேன், மறுபடி போய்விடுவான். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் "ஆங்?" என்பான். கடையில் பூண்டு வாங்கி வா என்றால் பூந்தி வாங்கி வருவான். வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் நினைத்தேன். அவனுடைய டீச்சரும், "கவனமே இல்லைங்க, வேற எங்கயோ பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்" என்றார். சொல்வதெழுதுதல் நோட்டைப் பார்த்தால் ‘பழம்’ என்ற இடத்தில் ‘படம்’, ‘கட்டு’ என்ற இடத்தில் ‘தட்டு’. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

ஒரு சாயங்காலம் அடுப்பில் பால் வைத்துவிட்டுக் குழந்தையாட்டம் சொன்னேன், "கண்ணு, பால் பொங்குனா அம்மாவைக் கூப்பிடு" என்று. நான் துணி எடுத்துவிட்டு வருவதற்குள் பால் முழுக்கப் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் வாடை. அவன் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தான். பயமும் கோபமும் சேர்ந்து ஓங்கி ஒரு அறை விட்டேன். கன்னத்தோடு காதும் சேர்ந்து விழுந்தது. அவன் அழக்கூட இல்லை. "நீ சொல்லவே இல்லையேம்மா" என்றான்.

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. பொய் சொல்லுகிற முகம் தாய்க்குத் தெரியாதா? மறுநாளே ஈரோட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அறைந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முதலில் விளக்கடித்துக் காதைப் பார்த்தார். "ஜவ்வு கிழியலைம்மா, அந்த மட்டும் நல்லது. உள்ளங்கை காதுல பட்டா காத்து அமுங்கி ஜவ்வே கிழிஞ்சுடும். இனிமே குழந்தையோட கை கால் தவிர எங்கயும் தொடாதே, அதுவும் அடிக்கிறதுக்கு இல்லை" என்றார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இரண்டு பரிசோதனைகள். ஒன்றில் காதுக்குள் சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தம் பார்த்தார்கள். இன்னொன்றில் சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ‘பீப்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் பையனைக் கை தூக்கச் சொன்னார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு காதிலும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு வந்தது. வலி இல்லாமல், சீழ் வடியாமல் இருந்ததால்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன். காது என்பது திண்ணை, நடு அறை, உள் அறை என்று மூன்று பாகமுள்ள வீடு. நாம் வெளியே பார்க்கும் மடலும் துவாரமும் திண்ணை. அதன் முடிவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஜவ்வு, அதுதான் கதவு. கதவுக்குப் பின்னால் நடு அறையில் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள். அதில் ஒன்று நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்குமாம், அரிசி மணியில் பாதி. ஜவ்வு அதிர்ந்தால் இந்த எலும்புகள் அசைந்து, சத்தத்தை உள் அறைக்குத் தள்ளும். உள் அறை நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும். அதற்குள்ளே பதினைந்தாயிரம் சொச்சம் நுண்ணிய மயிர்ச் செல்கள். அவைதான் சத்தத்தை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன.

நடு அறைக்குக் காற்று வருவதற்குத் தொண்டையின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கை வசமாகவும் இருக்கும். சளி பிடித்தாலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கினாலோ அடைத்துக்கொள்ளும். காற்று போகாத அறையில் நீர் ஊறி, நாளாக ஆகக் கோந்து மாதிரி ஆகிவிடும். தவிலுக்குள் கஞ்சியை ஊற்றி வைத்தால் எப்படி முழங்கும்? என் பையன் ஒரு வருஷம் அந்தத் தவிலோடுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.

வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா, குறட்டை விடுவானா, மாதம் ஒரு தடவை சளி பிடிக்குமா என்று டாக்டர் கேட்டார். மூன்றுக்கும் ஆமாம். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் குடிப்பதுண்டா என்றார். எங்கள் மாமனார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பவர். அந்தப் புகையும் குழந்தைகளின் காதுக்கு ஆகாது என்றார். மாமனாரிடம் இதை யார் போய்ச் சொல்வது? எங்கள் வீட்டுக்காரர் நழுவிவிட்டார். நானே சொன்னேன். மனிதர் ஒன்றும் பேசாமல் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனவர், அப்புறம் கூடத்தில் பற்ற வைக்கவே இல்லை.

உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிடவில்லை. இப்படிச் சேரும் நீர் பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடுமாம். அதுவரை முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். டீச்சர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார், பாவம். மூன்று மாதம் கழித்தும் எங்களுக்கு நீர் அப்படியே இருந்தது. அடினாய்டை எடுத்து, இரண்டு ஜவ்விலும் கடுகை விடக் கொஞ்சம் பெரிய குழாய் ஒன்றை வைத்தார்கள். நடு அறைக்கு வெளிப்பக்கமாகவே காற்று வழி. பத்து மாதத்தில் அந்தக் குழாய்கள் தானே கழன்று வந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்திரி பாயில் படுத்தவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். "அம்மா, ஃபேன் சத்தம் போடுது, ரிப்பேர் ஆயிடுச்சா?" என்றான். அந்த ஃபேன் அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது அவன் காலேஜில் படிக்கிறான். அந்த அறையை அவன் மறந்துவிட்டான்.

ஆகவே, கவனமில்லை, அடம், மந்தம் என்று குழந்தைக்கு எந்தப் பெயர் வைப்பதற்கு முன்னாலும் காதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்தேன், கை தட்டிப் பார்த்தேன், திரும்புகிறானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தட்டின் ‘டமார்’ கேட்கும் காதுக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். நம் கையின் நிழலைப் பார்த்தும் குழந்தை திரும்பும்.

பிறந்த குழந்தைக்கே காதைப் பரிசோதிக்க முடியும் என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் தலையில் பட்டைகள் ஒட்டி, சத்தத்துக்கு மூளை எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கும் ‘பெரா’ பரிசோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் தீர்மானம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. பேச்சைக் கற்க மூளை ஆயத்தமாக இருக்கும் காலம் அந்த முதல் வருஷங்கள்தான் என்பதால் இந்த அவசரம். பிறந்தவுடன் அழாத குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மஞ்சள் காமாலை அதிகமாகி விளக்கில் வைத்த குழந்தை, மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். கண் மஞ்சளாக இருந்தால் ‘வெயிலில் காட்டினால் போதும்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். காமாலை முற்றினால் காது நரம்பையும் தாக்கும்.

கர்ப்பமாக இருக்கும்போது வரும் ரூபெல்லா காய்ச்சல் இன்னொரு காரணம். தாய்க்கு லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வந்து மூன்று நாளில் போய்விடும். உள்ளே இருக்கும் சிசுவின் கண்ணையும் இருதயத்தையும் காதையும் பாதித்துவிடும். 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், புரை விழுந்த கண்ணோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தாராம். (தாய்மார்கள் பேச்சை வம்பு என்று சொல்பவர்கள் கவனிக்க!) தமிழ்நாட்டில் 2017 முதல் தட்டம்மையோடு சேர்த்து ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று. இரண்டையும் விடாதீர்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் சின்ன வயதில் போட்டுக்கொண்டார்களா என்று பார்த்து, இல்லாவிட்டால் டாக்டரைக் கேட்டுக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமானபின் அந்த ஊசி கூடாது.

சொன்னால் சிலருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும், அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் முடிச்சுப் போடுவதும் சகஜம். சொத்து வெளியே போகாது என்பார்கள். சொத்தோடு குறையும் வெளியே போவதில்லை. குடும்பத்தில் பிறவியிலேயே காது கேட்காதவர் இருந்தால் சொந்தத்தில் சம்பந்தம் செய்யாமலிருப்பது நல்லது. செய்தாகிவிட்டது என்றால் குழந்தைக்குப் பிறந்த மாதமே பரிசோதனை. யாரையும் பழி சொல்லிப் பயன் இல்லை.

இனி நம் கை வேலைக்கு வருகிறேன். குளிப்பாட்டும் பாட்டி குழந்தையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு, வாயால் ஊதுவது பழைய வழக்கம். எண்ணெய்க் குளியல் நல்லதுதான், எனக்கும் இன்றுவரை சனிக்கிழமை தப்பாது. ஆனால் காதுக்குள் ஒரு சொட்டும் வேண்டாம். காது குத்துகிறது என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும், தாய்ப்பாலும் விடுவார்கள். ஜவ்வில் ஓட்டை இருந்தால் அது நேரே நடு அறைக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். சூடு அதிகமாகித் தோல் வெந்த குழந்தைகளும் உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் பாலாடையிலோ புட்டியிலோ பால் புகட்டுவதும் காதுக்குக் கேடு, பால் தொண்டையிலிருந்து அந்தக் குட்டைக் குழாயில் ஏறிவிடும். தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் காது நோய் குறைவாக வருகிறது என்பது நிச்சயமான செய்தி.

குறும்பிக்கு வருவோம். சாவி, ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு. காதைக் குடைய நாம் எதைத்தான் விட்டு வைத்திருக்கிறோம்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடி ஹேர்பினால் குடைவதில் ஒரு சுகம் இருக்கிறது, நானும் அனுபவித்தவள்தான். ஆனால் குறும்பி அழுக்கு இல்லை. தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்கும் காவலாளி. நாம் மெல்ல மெல்ல, அது தானே வெளியே நகர்ந்து வந்துவிடும். பஞ்சு பட்ஸ் போட்டால் உள்ளே தள்ளி இடித்துக் கெட்டியாக்கிவிடுவோம். மடலை மட்டும் துண்டு நுனியால் துடைத்தால் போதும். கெட்டியாகி அடைத்துவிட்டால் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து இளக்கி எடுப்பார். பஸ் நிலையத்தில் கம்பியோடு வரும் காது குடைகிறவரிடம் மட்டும் காதைக் கொடுக்காதீர்கள்.

காதில் பயறு, புளியங்கொட்டை போட்டுக்கொண்டால் தண்ணீர் விடக் கூடாது, ஊறிப் பெரிதாகிவிடும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பாட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், உள்ளே புண்ணாக்கிவிடும்.

சீழ் வடியும் காதைச் ‘சளிக்காது, வயசுக்கு வந்தால் சரியாகும்’ என்று விடுகிறோம். சரியாகாது. ஜவ்வு ஓட்டையாகி, எலும்பும் அரித்து, நாற்றத்தோடு வடியும் சீழ் மூளை வரைக்கும் போகக்கூடும். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி அடைத்துக்கொண்டு, டாக்டரிடம் போய் முழுதாக வைத்தியம் பார்க்க வேண்டும். குளம், கிணற்றில் முங்குவது கூடாது.

மருந்தும் காதைக் கெடுக்கும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும். உயிரைக் காக்க அவை தேவைப்படும் நேரம் உண்டு, அப்போது டாக்டர் பார்த்துக்கொள்வார். ஊசி போட்டுக்கொள்ளும் நாட்களில் காதில் ‘கொய்ங்’ என்று இரைந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்லிவிட வேண்டும். பழைய சீட்டைக் கொண்டுபோய் நாமே ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

சத்தம் பற்றி எழுத நான் தகுதியானவள் என்று சொல்லிக்கொள்ளலாம், தறிச் சத்தத்தில் பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவள். என் கணவரின் அண்ணன் பதினாறு வயதில் தறியில் நின்றவர். நாற்பத்தைந்தில் அவரிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். சத்தத்தை டெசிபல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60. 85-ல் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காது கெடும். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடக்கூட, தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. தறிப்பட்டறையில் 90-ஐத் தாண்டிய சத்தத்தில் ஒரு ஷிப்டு முழுக்க நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

உள் அறையின் மயிர்ச் செல்கள் நாற்று மாதிரி. ஒரு நாள் மிதித்தால் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். தினமும் மிதித்தால் செத்துவிடும். செத்தது மறுபடி முளைக்காது, அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்தபின் காது அடைத்து இரைகிறதே, அது நாற்று சாய்ந்ததன் அடையாளம். பஞ்சு அடைத்துக்கொண்டால் பிரயோசனம் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பான்ஞ்சு அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டால், அது விரிந்து நன்றாக அடைத்துக்கொள்ளும். மச்சான் இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் தறிக்குப் போகிறார். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா? நம் மிக்ஸியும் லேசுப்பட்டதில்லை, ஆனால் சட்னிக்கு இரண்டு நிமிஷம் ஓடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மட்டும் அரைக்காதீர்கள்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவதை விடுங்கள். பத்தடி தள்ளினாலே நல்ல வித்தியாசம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. விதி இருப்பது நம் தெருவுக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்! தீபாவளிக்கு வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அந்த 125-ஏ காதுக்கு ஆகாது, அதிலும் பிள்ளைகள் கையில் பிடித்துத் தூக்கிப் போடுகிறார்கள். என் ஓட்டு புஸ்வாணத்துக்கும் மத்தாப்புக்கும்தான்.

வளர்ந்த பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டே திரிகிறார்களே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 அளவில் 40 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளப்பதற்கு நம்மிடம் கருவி இல்லை. போனில் ஒலியை அறுபது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற நமக்குப் பாட்டு கேட்டாலே அது அதிகம். ‘கழற்றுடா’ என்று கத்துவதில் பயன் இல்லை, எப்படியும் கேட்காது. அருகில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் அத்தையை, அதாவது மாமியாரை, இத்தனை நேரம் மறந்துவிட்டேன். முப்பது வருஷம் தறியோரம் தார் சுற்றியவர். எழுபது வயதுக்குள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கல்யாணம் காட்சிக்கு வரமாட்டார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். "ஆத்தாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சு" என்று வீடே தீர்மானம் செய்துவிட்டது. எனக்கு மட்டும் பையன் விஷயத்தில் பட்ட புத்தி இருந்தது, கூட்டிக்கொண்டு போனேன். ஞாபகம் ஒன்றும் தப்பவில்லை, இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை. கேட்காமலே விட்டுவிட்டால் ஞாபக மறதி நோய்க்கும் அது ஒரு வழி திறந்துவிடும் என்று 2017-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையின் குழு எழுதியதாக டாக்டர் சொன்னார்.

காது மிஷின் வாங்கினோம். முதல் வாரம் அதைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். "பாத்திரம் வுழுந்தா மண்டையில அடிக்குது அம்மிணி" என்றார். வாஸ்தவம். பல வருஷம் அமைதியாக இருந்த மூளைக்குப் பழகக் கொஞ்ச நாள் வேண்டும். முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, அப்புறம் நாலு பேர் நடுவில் என்று ஏற்றிக்கொண்டு போனோம். ஒன்றரை மாதத்தில் பழகிவிட்டது. குளிக்கும்போது கழற்ற வேண்டும், ராத்திரி ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பியில் வைக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெருக்கும், அது வேண்டாம். வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் இலவசமாகக் கிடைக்க வழி உண்டு. இப்போது அத்தைக்கு நான் சமையலறையில் முணுமுணுப்பதும் கேட்கிறது. அந்தக் கஷ்டத்தை நான் யாரிடம் சொல்ல?

ஒன்று பாக்கி. காலையில் எழுந்தவுடன் ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால், குளிர் காற்று பட்டது என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, வாரங்கள் ஓடிவிட்டால் வருவது கஷ்டம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகளுக்குக் காது பரிசோதனை செய்கிறார்கள், செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நடு அறைக் கோளாறு என்றால் என் பையனைப் போலச் சரியாகிவிடும். நரம்புக் கோளாறாக இருந்து காது மிஷினும் போதாது என்றால், உள் காதில் ‘காக்ளியர்’ கருவி வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாடு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதைச் செய்கிறார்கள். கருவி வைத்ததும் குழந்தை பேசிவிடாது, அதற்குப் பிறகு வருஷக் கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும், அதில் பாதி வேலை தாயுடையதுதான்.

அவர் மறுபடி எழுதியிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். மாமியாரும் கூட வருகிறாராம், முந்தானையில் வசம்பை முடிந்துகொண்டு. வரட்டும். முடிவு தெரிந்ததும் எழுதச் சொல்லியிருக்கிறேன், வந்தவுடன் உங்களுக்கும் சொல்கிறேன்.